காற்றிலிருந்து ஒரு கேன் தண்ணீர்

பத்தியாளரின் ஸ்கூட்டர் இந்த வாரம் புதுப் பெயின்டோடு வீடு திரும்பியிருக்க வேண்டும். திரும்பவில்லை. முன்பக்கத் தகடு முழுக்க அம்மை போட்டதுபோலக் கொப்புளம். "மழைங்க சார், லைன்ல தண்ணி வந்துருச்சுங்க" என்றார் பெயின்டர். எமரித்தாள் போட்டு எல்லாவற்றையும் மறுபடி தேய்க்க வேண்டும் என்ற கவலை அவர் முகத்திலேயே தெரிந்தது.

சொட்டும் குழாய்கள்மேல் பத்தியாளருக்கு இருக்கும் கோபம் இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குப் பழையது. குனிந்து, ஸ்ப்ரே கன்னுக்குக் காற்றை அழுத்திக் கொடுக்கும் கம்ப்ரஸர் டேங்கின் அடியைப் பார்த்தார். தண்ணீரை வெளியேற்றும் டிரெய்ன் காக் துருவேறி இறுகிக் கிடந்தது. அதை யாரும் திறந்து பல நாள் ஆகியிருக்கும்.

மழையின்மேல் பழி போடுவது நியாயமில்லை. காற்றில் எப்போதும் தண்ணீர் இருக்கிறது. 30 டிகிரி வெப்பமும் 70 சதவீத ஈரப்பதமும் உள்ள சாதாரண நாளில், நிமிடத்துக்கு 100 கன அடி காற்றை இழுக்கும் கம்ப்ரஸர் ஒரு மணி நேரத்தில் மூன்றரை லிட்டர் தண்ணீரையும் ஆவியாகச் சேர்த்து இழுக்கிறது. காற்றை எட்டில் ஒரு பங்காகச் சுருக்கி 40 டிகிரிக்கு ஆறவிட்டால், அதில் இரண்டரை லிட்டர் நீராகப் பிரிந்துவிடும். எட்டு மணி நேர ஷிப்டுக்கு 20 லிட்டர். வீட்டு வாசலில் வந்து இறங்கும் குடிநீர் கேன் ஒன்று முழுசாக! எண்ணெயும் துருவும் கலந்த அந்தத் தண்ணீர் வெளியேறாவிட்டால் ஸ்ப்ரே கன் வழியாகத்தான் வரும்.

ஆள் மறந்துவிடுவார் என்பதற்காகத்தான் தானியங்கி டிரெய்ன் வந்தது. அதில் பத்தியாளரால் பொறுக்க முடியாதது டைமர் வகை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஐந்து விநாடி திற என்று சொல்லிவைத்தால், திறக்கும். தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்காது. அடைமழை நாளுக்கு வைத்த கணக்கு மாசி வெயிலிலும் ஓடும். தண்ணீர் இல்லாதபோது போவதெல்லாம் காசு கொடுத்து அழுத்திய காற்று. அழுக்கு சிக்கி வால்வு மூடாமல் நின்றுவிட்டால் இன்னும் மோசம். 7 பார் அழுத்தத்தில் 3 மில்லிமீட்டர் துளை ஒன்று விநாடிக்குச் சுமார் 10 லிட்டர் காற்றை விட்டுவிடும். அதை ஈடுகட்ட மூன்று, நான்கு கிலோவாட் மின்சாரம் வேண்டும். பூட்டிய பட்டறைக்குள் இரவெல்லாம் 'உஸ்' என்று கேட்டுக்கொண்டிருக்கும் அந்தச் சத்தத்தை யாராவது ஒருவர் எழுந்துபோய் நிறுத்தக் கூடாதா?

மிதவை வைத்த டிரெய்ன் காற்றை வீணாக்காது, ஆனால் எண்ணெய்ச் சேற்றில் ஒட்டிக்கொள்ளும். நீர்மட்டத்தை சென்சாரால் உணரும் வகைதான் பத்தியாளரின் கட்சி. தண்ணீர் ஓர் அளவுக்கு ஏறினால் திறக்கும். கடைசிச் சொட்டு போவதற்கு முன்பே மூடிவிடும். மிச்சமிருக்கும் தண்ணீரே காற்றுக்குக் கதவாக நிற்கும்.

கடிகாரத்தைப் பார்க்காமல் நீர்மட்டத்தைப் பார்த்து வேலை செய்த இன்னொரு ஏற்பாடு, மின்சென்சார் எதுவும் இல்லாமலே, கனடாவில் இருந்தது. ஒன்டாரியோ மாகாணத்தில் கோபால்ட் என்ற ஊரில் 1903இல் வெள்ளி கிடைத்தது. சுரங்கத் துளைக்கருவிகளுக்கு அழுத்தக் காற்று தேவைப்பட்டது. சார்லஸ் டெய்லர் என்ற பொறியாளர், பக்கத்தில் ஓடும் மான்ட்ரியல் ஆற்றில் (அதே பெயருள்ள நகரத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை) ராகெட் ஷூட்ஸ் என்னும் இடத்தில் சுமார் 350 அடி ஆழக் கிணறு வெட்டி ஆற்றையே அதற்குள் விழவைத்தார். விழுகிற தண்ணீர் காற்றைக் குமிழிகளாக இழுத்துக்கொண்டு இறங்கியது. அடியில் நீண்ட சுரங்கவழி. அங்கே நீரின் வேகம் தணிந்து, குமிழிகள் பிரிந்து கூரைக்கடியில் அழுத்தத்தோடு சேர்ந்தன. தண்ணீர் மறுபக்கக் கிணற்றில் ஏறி, கீழ்ப்போக்கில் ஆற்றோடு கலந்தது. காற்றை அழுத்த பிஸ்டன் இல்லை, மோட்டார் இல்லை. 1910இல் ஓடத் தொடங்கியது.

பத்தியாளர் இதைப் படித்த நாளிலிருந்து வியந்துகொண்டிருப்பது வேறொன்றை. தண்ணீருக்குள்ளேயே அழுத்திய காற்று, மற்ற கம்ப்ரஸர்களின் காற்றைவிட உலர்வாக வந்தது! சாதாரணமாகக் காற்றை அழுத்தினால் சூடேறும். சூட்டில் ஆவி ஒளிந்துகொண்டு, பிறகு குழாயில் ஆறும்போது நீராக இறங்கும். இங்கே ஒவ்வொரு குமிழியையும் குளிர்ந்த ஆறு சூழ்ந்திருந்ததால் சூடேற வழியில்லை. ஆவி அங்கேயே நீராகி ஆற்றோடு போய்விட்டது. டிரெய்ன் செய்யவேண்டிய வேலையில் பெரும்பங்கை ஆறே முடித்துவிட்டது. ஈரக் காற்றில் ஓடும் துளைக்கருவிகளின் வாயில் பனி உறைந்து அடைக்கும் தொல்லையும் குறைந்தது.

சுரங்கங்கள் காற்றை எடுக்காத நேரங்களில்? சேர்ந்த காற்று நீர்மட்டத்தைக் கீழே தள்ளும். நீருக்குள் முங்கியிருக்கும் ஒரு குழாயின் வாய் அப்போது வெளிப்படும். மிகுதிக் காற்று அதன் வழியே தண்ணீரையும் தூக்கிக்கொண்டு ஆற்றங்கரையில் உயரப் பீறிடும். மட்டம் ஏறியதும் குழாயின் வாய் மறுபடி நீரில் மூழ்கும், பீறல் அடங்கும். திறக்கவும் மூடவும் ஆள் இல்லை. வெள்ளியின் பொற்காலம் முடிந்து பல ஆண்டுகள் கழித்து, 1981 வரை, அந்த ஆறு காற்றை அழுத்திக் கொடுத்துக்கொண்டிருந்தது.