யால்டாவில் அமர்ந்த மூவர்

1945 பிப்ரவரியில் யால்டா நகரில் ரூஸ்வெல்ட், சர்ச்சில், ஸ்டாலின் மூவரும் வரிசையாக அமர்ந்து படம் எடுத்துக்கொண்டார்கள். யுத்தத்தில் ஹிட்லரை வென்ற அந்த மூவரையும் கடைசியில் வென்றது ஒரே வியாதி. பாரிச வாயு! ரூஸ்வெல்ட் இரண்டே மாதத்தில், ஏப்ரல் 12-ந் தேதி, தலை வலிப்பதாகச் சொல்லிச் சாய்ந்தார். ஸ்டாலின் 1953 மார்ச்சில் மாண்டார். சர்ச்சில் அதே வருஷம் ஜூனில் தப்பினார், 1965-ல் தப்பவில்லை. ஒருவருக்குச் சிகரெட், ஒருவருக்குச் சுருட்டு, ஒருவருக்குப் புகைக்குழாய் என்பதையும் சொல்லி வைப்போம்.

ரூஸ்வெல்ட்டின் ரத்த அழுத்தம் 1944 மார்ச்சில் 186-க்கு 108. இறந்த அன்று 300-க்கு 190! அவருடைய சொந்த டாக்டரோ ஜனாதிபதி ஆரோக்கியமாக இருக்கிறார் என்றே சொல்லி வந்தார். உண்மையைச் சொல்லியிருந்தாலும் கொடுக்க நல்ல மருந்து அப்போது ஏது? நம் நாட்டுச் சர்ப்பகந்தா வேர் கொதிப்பைத் தணிப்பதைப் பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜால் வகீல் மேல்நாட்டாருக்கு எடுத்துக் காட்டியது 1949-ல்தான்.

இன்று மாத்திரைக்குப் பஞ்சமில்லை. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் அதை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. ஆனால் வாசலுக்கு வந்தது வாய்க்குள் போக வேண்டுமே! “உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது, எதற்கு மாத்திரை?” என்று பெரியவர்கள் தாமாகவே நிறுத்திவிடுகிறார்கள். ரத்தக் கொதிப்பு வலிக்காது. காய்ச்சல் போல் சுடாது. மாத்திரையால்தான் உடம்பு நன்றாக இருக்கிறது என்பதை வீட்டில் யாராவது சொல்ல வேண்டும்.

55 வயதுக்கு மேல், பத்து வருஷத்துக்கு ஒரு முறை ஆபத்து ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. வயதைக் குறைக்க வழியில்லை. புகையை விடலாம், சர்க்கரையை அடக்கலாம். உப்பு நாளுக்கு 5 கிராமுக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம்; ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் இந்தக் கணக்கில் சேர்த்தி.

பலர் கவனிக்காதது நாடி. முதுமையில் சிலருக்கு நாடி தாளம் தப்பி ஓடும். அப்போது இருதயத்தின் மேலறையில் ரத்தம் தேங்கி உறைந்து, அந்தக் கட்டி மூளைக்குப் போய் அடைத்துக்கொள்ளும். மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாலே டாக்டருக்குச் சந்தேகம் தட்டிவிடும்.

வாய் கோணினால், கை துவண்டால், பேச்சு குழறினால் எண்ணெய் தேய்த்துக்கொண்டிராமல் 108-ஐக் கூப்பிடுங்கள். கட்டியைக் கரைக்கும் ஊசிக்குக் கெடு நாலரை மணி நேரம். எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்பதைக் குறித்துக்கொண்டு போங்கள். டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.