மாமாவுக்கு எந்த பட்டன்?

கோடை லீவு விட்டாலே எங்கள் மேடவாக்கம் வீட்டில் லாஃப்ட் சுத்தம் செய்யும் படலம் ஆரம்பமாகிவிடும். இந்த வருஷம் மேலேயிருந்து இறங்கியவை: கால் உடைந்த கொலுப்படி, மூடி இல்லாத இரண்டு ஹாட் பாக்ஸ், அப்புறம் என் கொழுந்தனார் 2012-ல் பிளஸ் டூ படித்தபோது வாங்கிய இலவச லேப்டாப்.

"எடைக்குப் போட்டுடலாமா?" என்றார் வீட்டுக்காரர்.

"அம்மா, இதுல கேம் ஆட முடியுமா?" என்றாள் ஏழாவது முடித்த மகள்.

எடைக்கடைக்காரர் அன்று தப்பித்தார்.

தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டம் 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கியது. எல்காட் நிறுவனம் வாங்கிக் கொடுத்த அந்த லேப்டாப்களில் விண்டோஸோடு 'பாஸ்' லினக்ஸும் இருந்தது பலருக்கு ஞாபகம் இருக்கும். 'பாஸ்' நம் ஊர்ச் சரக்கு. சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. அதற்குப் பின்னணியில் இருந்த திறந்த மூல மென்பொருள் வள மையத்தை நடத்தியவை சென்னை சி-டாக்கும், குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் இருக்கும் ஏ.யூ-கே.பி.சி. ஆராய்ச்சி மையமும். மேடவாக்கத்துக்கு அது பக்கத்து ஊர் மாதிரி. அந்தப் பக்கம் அப்போது திறந்து பார்த்தவர்கள் குறைவு. எங்கள் கொழுந்தனாரும் திறக்கவில்லை.

இப்போது அந்தப் பழைய பதிப்பை வைத்துக்கொண்டு பயன் இல்லை. எனவே லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்.எஃப்.சி.இ. பதிப்பை பென் டிரைவில் ஏற்றி நிறுவினேன். 2 ஜி.பி. ரேம்தான். பிரவுசரில் நாலு பக்கம் திறந்தால் மூச்சு வாங்கும். ஆனால், நான் நினைத்த விளையாட்டுக்கு அதுவே தாராளம்.

எந்த விளையாட்டு? தொண்ணூறுகளில் டி.வி.யில் மாட்டி ஆடினோமே, அந்த 'டி.வி. கேம்'தான். சாமுராய், மீடியா, லிட்டில் மாஸ்டர் என்று பெட்டிக்குப் பல பெயர்கள். பெரும்பாலானவற்றுக்கு மூலம் ஒன்றுதான். 1983 ஜூலை 15-ல் ஜப்பானில் நின்டென்டோ வெளியிட்ட ஃபேமிகாம். அதன் வேலை நினைவகம் வெறும் 2 கே.பி. எங்கள் பரண் லேப்டாப்பின் ரேம் அதைப் போல பத்து லட்சம் மடங்கு!

நாங்கள் அப்போது கிழக்கு தாம்பரத்தில் இருந்தோம். அப்பா வாங்கித் தந்த பெட்டியில் இரண்டு ஜாய்ஸ்டிக். முதல் ஜாய்ஸ்டிக் எப்போதும் அண்ணாவுக்கு. இரண்டாவது எனக்கு. மூன்று வயது மூத்தவன் என்ற ஒரே தகுதியில் அவன் வகித்த பதவி அது. கேசட் ஓடாவிட்டால் ஊதும் உரிமையும் அவனுக்குத்தான். (ஊதியதால் ஓடவில்லை, கழற்றி மறுபடி செருகியதால்தான் ஓடியது. எச்சில் ஈரம் உள்ளே இருந்த உலோகத்தைக் கெடுத்ததுதான் மிச்சம்!)

மிமிக்ரி செய்யும் மென்பொருள்

பழைய பெட்டி இல்லாமல் பழைய விளையாட்டை ஓட்ட எமுலேட்டர் வேண்டும். நல்ல மிமிக்ரி கலைஞர் கண்ணுக்குத் தெரியாமல் பேசினால், அசல் ஆளே பேசுகிறார் என்று நம்பிவிடுவோம் இல்லையா? அதேபோல எமுலேட்டர் பழைய பெட்டியாக நடிக்கும். விளையாட்டும் தான் அந்தப் பெட்டிக்குள் இருப்பதாக நம்பி ஓடும்.

மின்ட்டின் சாஃப்ட்வேர் மேனேஜரில் 'ரெட்ரோஆர்ச்' என்று தேடி நிறுவுங்கள். அது மேடை மட்டும்தான். நடிகர் தனி. ஃபேமிகாமாக நடிக்க 'லிப்ரெட்ரோ நெஸ்டோபியா' என்பதையும் சேர்த்து நிறுவ வேண்டும். இரண்டும் இலவசம். இதை விட்டுவிட்டு 'கேம் திறக்கவே இல்லை' என்று தவிப்பவர்கள் நிறையப் பேர். முதல் நாள் நானும் தவித்தேன்.

விளையாட்டுக் கோப்பு எங்கே கிடைக்கும்? எமுலேட்டர் வைத்திருப்பது தவறில்லை. மரியோ, காண்ட்ரா போன்றவற்றுக்கு உரிமையாளர்கள் இருக்கிறார்கள்; கண்ட இடத்தில் இறக்கிக்கொள்வது சரியில்லை. நாம் ஆடிய '9999 இன் 1' கேசட்டே அப்படிப்பட்ட நகல்தான் என்பது வேறு கதை. இன்றும் அந்தப் பழைய பெட்டிக்காகப் புதிதாக விளையாட்டு எழுதி, இலவசமாகத் தருகிறவர்கள் இருக்கிறார்கள். 'நோவா தி ஸ்குவரல்' அதில் ஒன்று. ஓர் அணில் ஓடும், தாவும், தாக்கும். மகளுக்கு முதல் பார்வையிலேயே பிடித்துவிட்டது.

350 ரூபாய் ஜாய்ஸ்டிக்

கீபோர்டிலேயே ஆடலாம். அம்புக்குறிகள் நகர்த்த, எக்ஸ் எழுத்து ஏ பட்டன், இசட் எழுத்து பி பட்டன், என்டர் தட்டினால் ஸ்டார்ட், வலது ஷிஃப்ட் செலக்ட். ஆனால், ஜாய்ஸ்டிக் கையில் இருந்தால்தானே மஜா?

கூட்டு ரோடு பக்கம் ஒரு கடையில் 350 ரூபாய்க்கு யு.எஸ்.பி. ஜாய்ஸ்டிக் வாங்கினேன். கூடவே ஒரு குட்டி சி.டி. அது விண்டோஸுக்கு, ஓரமாக வைத்துவிடலாம். சாதாரண ஜாய்ஸ்டிக்குகளுக்கு வேண்டியது லினக்ஸுக்குள்ளேயே இருக்கிறது. செருகினால் போதும். 'ஜேஎஸ்டெஸ்ட்-ஜிடிகே' என்ற சின்ன மென்பொருளையும் நிறுவிக்கொள்ளுங்கள். எந்த பட்டனை அழுத்தினால் எந்த எண் எரிகிறது என்று காட்டும். பட்டன் வேலை செய்கிறதா என்பதை இதில் பார்த்துவிட்டு எமுலேட்டருக்குப் போனால் பாதித் தலைவலி குறையும்.

மீதித் தலைவலி எனக்கு 'அனலாக்' பட்டனில் வந்தது. மலிவான ஜாய்ஸ்டிக்குகளில் நடுவில் இப்படி ஒரு பட்டன் இருக்கும். அதன் விளக்கு எரிந்தால் அம்புக்குறிகள் ஒரு மாதிரி பேசும்; அணைந்தால் வேறு மாதிரி. நான் விளக்கு அணைந்த நிலையில் எல்லாவற்றையும் அமைத்துவிட்டுக் காபி போடப் போனேன். மகள் சும்மா இருக்காமல் அதை அழுத்திவிட்டாள். அணில் நின்ற இடத்திலேயே நிற்கிறது. அரை மணி நேரம் கழித்துத்தான் காரணம் புரிந்தது. அமைக்கும்போது எந்த நிலையோ, ஆடும்போதும் அதே நிலை.

ஹெச்.டி.எம்.ஐ. வயரில் டி.வி.யோடு இணைத்தால், டி.வி. செட்டிங்கில் 'கேம் மோடு' போடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் அழுத்தி, கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் அணில் தாவும்.

அண்ணா வந்தான்

ஞாயிற்றுக்கிழமை சந்தோஷபுரத்திலிருந்து அண்ணா வந்தான். டி.வி.யைப் பார்த்ததும் அவன் முகம் மாறியது. காண்ட்ராவில் 30 உயிர் வாங்கும் ரகசியத்தை மகளிடம் மூச்சுவிடாமல் சொன்னான்: "மேல மேல, கீழ கீழ, இடது வலது, இடது வலது, பி, ஏ!"

"மாமா, நீங்க ஆடுங்க" என்று ஜாய்ஸ்டிக்கை நீட்டினாள்.

"நீ ஆடும்மா, மாமா பாக்குறேன்" என்றான்.

இரண்டு வருஷத்துக்கு முன் மழையில் பைக் சறுக்கி, வலது மணிக்கட்டில் பிளேட் வைத்தார்கள். கை கூடிவிட்டது. கட்டை விரல் மட்டும் மடங்குவதில்லை. இடது கையால் கையெழுத்துப் போடப் பழகிவிட்டான். அதைப் பற்றிப் பேசமாட்டான். நாங்களும் கேட்பதில்லை. பி-யும் ஏ-யும் வலது கட்டை விரலின் வேலை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அன்று ராத்திரி நான் ரெட்ரோஆர்ச்சோடு உட்கார்ந்தேன். ஜாய்ஸ்டிக்கின் இடது பக்கத்தில் அம்புக்குறிகள் இருக்கின்றன. மேல் விளிம்பில், இடது ஆள்காட்டி விரலுக்கு எல்1, நடுவிரலுக்கு எல்2. ஃபேமிகாம் விளையாட்டுக்கு இந்த இரண்டும் தேவையே இல்லை, சும்மா கிடக்கின்றன. எல்1-ஐ ஏ ஆக்கி, எல்2-ஐ பி ஆக்கினால்? கட்டை விரல் ஓட்டும், மற்ற இரண்டும் தாவும், தாக்கும். எல்லாம் ஒரே கை.

இங்கே ஒரு தவறு செய்தேன், நீங்கள் செய்யாதீர்கள். செட்டிங்ஸில் 'இன்புட்' பகுதிக்குப் போய் மாற்றினேன். அது ஜாய்ஸ்டிக்கின் அடிப்படை அமைப்பு. அங்கே கைவைத்ததும் மெனுவில் 'சரி' சொல்லும் பட்டனும் இடம் மாறி, மகள் ஆடிய பட்டன்கள் செத்துப்போயின. செய்ய வேண்டியது இதுதான்: விளையாட்டை ஓடவிட்டு, எஃப்1 அழுத்தினால் 'குயிக் மெனு' வரும். அதில் 'கன்ட்ரோல்ஸ்', 'போர்ட் 1'. அங்கே எல்1-க்கு ஏ, எல்2-க்கு பி என்று கொடுத்து, 'கேம் ரீமேப்' என்று சேமிக்க வேண்டும். அந்த ஒரு விளையாட்டுக்கு மட்டும் அமைப்பு பதிவாகும். எல்லா ஃபேமிகாம் விளையாட்டுக்கும் வேண்டுமென்றால் 'கோர் ரீமேப்'.

இதில் எனக்குப் பிடித்தது, வலது பக்கத்துப் பழைய ஏ, பி இரண்டும் அப்படியே வேலை செய்யும் என்பதுதான். மகள் ஆடும்போது ஒன்றும் மாற்ற வேண்டாம். அண்ணா ஆடும்போதும் மாற்ற வேண்டாம். 'மாமாவுக்காக மாத்துறேன், இருங்க' என்று யாரும் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை.

உங்கள் வீட்டிலும் கை நடுங்கும் தாத்தா இருக்கலாம், பக்கவாதத்துக்குப் பிறகு ஒரு கையை மட்டும் நம்பியிருக்கும் அத்தை இருக்கலாம். அவர்களுக்கு எந்த விரல் ஒத்துழைக்கிறது என்று முதலில் பாருங்கள். அந்த விரலுக்கு பட்டனைக் கொடுங்கள். கஷ்டமான பள்ளம் வருவதற்கு முன் எஃப்2 தட்டினால் ஆட்டம் அந்த இடத்தில் பதிவாகும். தோற்றால் எஃப்4 தட்டினால் அதே இடம். ஆரம்பத்திலிருந்து வர வேண்டாம்.

அடுத்த ஞாயிறு அண்ணா வந்தபோது நான் எதுவும் சொல்லவில்லை. மகள்தான், "மாமா, எல்1 அழுத்தினாலும் தாவுது, பாருங்க" என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனாள். நான் சொல்லிக்கொடுத்துதான்.

ஜாய்ஸ்டிக்கின் வலது முனையைத் தொடையில் அண்டக் கொடுத்து, இடது கையால் பிடித்தான். முதல் மூன்று உயிர் மளமளவென்று போயிற்று. பிறகு விரல்களுக்குப் பழகிவிட்டது. சாயங்காலம் வரை எழுந்திருக்கவில்லை. காபி ஆறிப்போய் இருந்தது.

கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "இன்னொரு ஜாய்ஸ்டிக் வாங்கி வை" என்றான்.

வாங்கிவிட்டேன். இந்த முறையும் இரண்டாவது எனக்குத்தானாம்.