ரிமோட் யார் கையில்?

சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-ல் புதுமை ஒன்று புகுந்தது. செயல்வழிக் கற்றல்! டீச்சர் நாற்காலியை விட்டு இறங்கிப் பாயில் உட்கார்ந்தார். பிள்ளைகள் தாங்களே அட்டையை எடுத்து, அவரவர் வேகத்தில் படித்தார்கள். கரும்பலகைகூடச் சுவரின் அடிப்பக்கம், அவர்களுக்கு எட்டும் உயரத்தில் வந்தது. 2007-ல் தமிழகம் முழுக்கப் பரவியது.

இப்போது ஸ்மார்ட் போர்டு வந்திருக்கிறது. வரட்டும், நல்லதுதான். 2018-ல் வந்த புதுப் பாடநூல்களில் கியூஆர் கோடே உண்டு. செல்போனைக் காட்டினால் படம் ஓடும். படம் ஓடும்போது பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால்? மேட்னி ஷோதான்! பலகை மறுபடி உயரத்துக்குப் போயாச்சு. "தொட்டா கெட்டுடும்" என்று ரிமோட்டை டிராயரில் பூட்டினால் அதோடு சரி. (டீச்சரின் பயமும் நியாயமே, உடைந்தால் பதில் சொல்வது யார்?)

டீச்சருக்குக் கொடுத்த டேப்லெட்டில் மூன்றாம் வகுப்புப் பிள்ளை பாடத்தை வாசித்துப் பதிவு செய்து, தன் குரலைத் தானே கேட்கட்டும். எங்கே திக்குகிறது என்று யாரும் சொல்லாமலே அதற்குப் புரியும். புரியாத இடத்தில் படத்தை நிறுத்தி, "டீச்சர், இன்னொரு வாட்டி போடட்டுமா?" என்று கேட்கட்டும். ரிப்பேருக்குத் தனிப் பணம் ஒதுக்கி, 'உடைந்தால் டீச்சர் பொறுப்பில்லை' என்று மேலிடம் எழுதித் தரவேண்டும்.