நிரூபிக்க வேண்டியவர் யார்?

சிசேரியனுக்காக முதுகுத்தண்டில் மயக்க ஊசி போட்டதும் தாயின் ரத்த அழுத்தம் சடசடவென இறங்குவதுண்டு. அதைத் தூக்கி நிறுத்த மயக்கவியல் மருத்துவர் நரம்பில் ஏற்றும் மருந்துகளில் ஒன்று எபிட்ரின். 5 மில்லிகிராம், 10 மில்லிகிராம் என்று அளந்து, மானிட்டரில் கண் பதித்துக் கொடுப்பார். இதே பொருளைத்தான் எடைக்குறைப்பு மாத்திரையாக அமெரிக்காவில் கடை கடையாக விற்றார்கள்.

அது கிடைக்கும் எபிட்ரா செடியைச் சீன வைத்தியர்கள் மா ஹுவாங் என்ற பெயரில் இருமலுக்கும் மூச்சிரைப்புக்கும் நெடுங்காலமாகக் கொடுத்துவருகிறார்கள். 1885இல் ஜப்பானிய வேதியியலாளர் நாகாய் நாகயோஷி அதிலிருந்து எபிட்ரினைப் பிரித்தார். 1920களில் சென், ஷ்மிட் ஆகிய ஆய்வாளர்கள் பீகிங்கில் செய்த ஆய்வுக்குப் பிறகு மேற்கில் ஆஸ்துமா மருந்தானது.

வினை 1994இல் வந்தது. அந்த ஆண்டு அமெரிக்கா இயற்றிய சட்டம் மூலிகை மாத்திரைகளை உணவு வகையில் சேர்த்தது. பாதுகாப்பானது என்று விற்பவர் முன்கூட்டியே நிரூபிக்க வேண்டியதில்லை. ஆபத்தானது என்று உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.தான் நிரூபிக்க வேண்டும். செடியில் விளைந்தது என்பதற்காக ஒரு பொருள் இதயத்தை விட்டுவைக்குமா என்ன?

எபிட்ரா மாத்திரை விற்ற சான் டியாகோவின் மெட்டபோலைஃப் நிறுவனம், பெரிய பாதிப்பு எதுவும் தன் காதுக்கு வரவில்லை என்று சாதித்தது. 2002இல் அது ஒப்படைத்த கோப்புகளில் 13,000க்கும் மேற்பட்ட புகார்கள். நிறுவனர் மைக்கேல் எல்லிஸ் எஃப்.டி.ஏ.விடம் பொய் சொன்னதைப் பின்னர் ஒப்புக்கொண்டார். கிடைத்தது ஆறு மாதச் சிறை.

இவ்வளவுக்கும் பலன் என்ன? 2003இல் வெளியான, ராண்ட் என்ற ஆய்வு நிறுவனத்தின் ஆய்வின்படி, வெற்று மாத்திரை விழுங்கியவர்களைவிட மாதம் சுமார் ஒரு கிலோ கூடுதலாகக் குறையும். அதுவும் குறுகிய காலத்துக்குத்தான். படபடப்பு, மனக்கலக்கம் போன்ற தொல்லைகளோ இரண்டு மூன்று மடங்கு.

அதே ஆண்டு பிப்ரவரியில், பால்டிமோர் ஓரியோல்ஸ் பேஸ்பால் அணியின் 23 வயது வீரர் ஸ்டீவ் பெக்லர் பயிற்சியின்போது வெப்பத்தாக்கில் சுருண்டு இறந்தார். எபிட்ரா மாத்திரைக்கும் அதில் பங்குண்டு என்றார் பிரேதப் பரிசோதனை மருத்துவர். பிறகுதான் அரசு அசைந்தது. 2004 ஏப்ரலில் தடை அமலானது. சட்டம் வந்து பத்து ஆண்டுகள்! அதையும் எதிர்த்து ஒரு நிறுவனம் வழக்காடியது. 2005இல் யூட்டா நீதிமன்றத்தில் வென்றது. 2006இல் மேல்முறையீட்டில்தான் தடை நிலைத்தது.

சட்டத்தின் அடிப்படையை யாரும் தொடவில்லை. ‘எபிட்ரா இல்லாதது’ என்ற லேபிளோடு புதுப் புட்டிகள் வந்தன. பலவற்றில் இருந்தது கசப்பு ஆரஞ்சிலிருந்து எடுத்த சினெஃப்ரின். வேதி அமைப்பில் எபிட்ரினின் நெருங்கிய உறவு. அதை விற்கவும் யாரும் முன்கூட்டி எதையும் நிரூபிக்கத் தேவையிருக்கவில்லை.