காஸ்ட்லெஸ் கலெக்டிவ்: ஆறு குற்றச்சாட்டுகளும் பதில்களும்

காஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற சென்னை இசைக்குழுவைப் பற்றிப் பேச்செடுத்தால் ஒரு கதை தயாராக இருக்கிறது. சினிமா இயக்குநர் ஒருவர் பணம் போட்டுச் செய்த பொம்மை. மேற்கத்திய பங்க், ராப் இசையின் நகல். இசை தெரியாதவர்களின் கூச்சல். சாமியை வம்புக்கிழுத்துப் பெயர் வாங்கிய கூட்டம். நாலு வருடம் மினுக்கிவிட்டுக் காணாமல் போனவர்கள். பங்க் மனநிலைக்குத் தமிழில் மிக அருகே வந்த குழுவின் வரலாறு இப்படி ஐந்து வரியில் முடிந்துவிடுகிறது. வேலூர், ஆம்பூர் பக்கம் வந்தால் ஆறாவதாக ஒன்றும் சேரும்: அது வடசென்னைக்காரர்கள் சமாச்சாரம், நமக்கென்ன? ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

1. “இயக்குநர் செய்த பொம்மை”

பாதி உண்மை. இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் தென்மாவும் சேர்ந்து பாடகர்களைத் தேடினார்கள். நூற்றைம்பது பேருக்கு மேல் வந்ததில் 19 பேர் தேறினார்கள். 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கம் சி.எஸ்.ஐ. பெய்ன் பள்ளி மைதானத்தில் முதல் நிகழ்ச்சி நடந்தது. மேடையும் செலவும் நீலத்துடையவை.

இதே பழியைச் சுமந்த இன்னொரு குழு லண்டனின் செக்ஸ் பிஸ்டல்ஸ். துணிக்கடை நடத்திய மால்கம் மெக்லாரன் அந்தக் குழுவைச் செய்து சந்தையில் விற்றார் என்பது இன்றும் உலவும் கதை. அந்தக் கதையைப் பெரிதாகப் பரப்பியவர் மெக்லாரனேதான். 1980இல் வெளிவந்த படத்தில் எல்லாமே தன் சூழ்ச்சி என்று மார்தட்டிக்கொண்டார். ஆனால் குழுவின் ஸ்டீவ் ஜோன்ஸும் பால் குக்கும் அவருக்கு முன்பே குழு வைத்துப் பழகிக்கொண்டிருந்தவர்கள். குழுவினருக்கும் மெக்லாரனுக்கும் இடையிலான வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்து 1986இல் முடிந்தபோது உரிமைகள் இசைத்தவர்கள் கைக்கே வந்தன.

சென்னையின் தெருப்பாட்டான கானாவும் இரஞ்சித்துக்காகக் காத்திருக்கவில்லை. சாவு வீட்டில் விடிய விடிய மரண கானா பாடிய குரல்கள் அவர் பிறப்பதற்கு முன்பே உண்டு. அவர் கொடுத்தது ஒலிவாங்கி. குரலையும் அவர்தான் கொடுத்தார் என்றால், அதுவரை பாடியவர்கள் யார்?

2. “மேற்கின் நகல்”

மேடையைப் பார்த்தாலே பதில் கிடைக்கும். கிட்டாரும் டிரம்ஸும் இருந்தன. பறையும் சட்டியும் கானாவும் சரிக்குச் சரியாக இருந்தன. குழுவின் பெயர் ஆங்கிலம்தான். ஆனால் அது அயோத்திதாசப் பண்டிதரின் ‘சாதி பேதமற்ற’ என்ற கருத்திலிருந்து பிறந்தது. 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கியவர் அவர். இந்த அரசியலை லண்டனிலிருந்து இறக்குமதி செய்ய வேண்டிய தேவை யாருக்கும் இருக்கவில்லை.

‘மேற்கு’ என்று நாம் சொல்லும் பங்க்கும் சுத்தமான வெள்ளைச் சரக்கு அல்ல. தி கிளாஷ் குழு தன் முதல் ஆல்பத்திலேயே ஜமைக்காவின் ரெகே பாடல் ஒன்றை எடுத்துப் பாடியது. வேற்றுப் பண்பாட்டுக் குடியேறிகளால் நாடு மூழ்கிவிடுமோ என்று மக்கள் அஞ்சுவதாக மார்கரெட் தாட்சர் 1978 ஜனவரியில் தொலைக்காட்சியில் பேசினார். அந்தப் பேச்சையே கிண்டலாகப் பெயராக்கிக்கொண்டு, பாகிஸ்தானிய வம்சாவளி இளைஞர்கள் மூவரும் ஒரு வெள்ளையரும் ‘ஏலியன் கல்ச்சர்’ (அந்நியப் பண்பாடு) என்ற பங்க் குழுவைத் தொடங்கினார்கள். 1979இலிருந்து 1981 வரைதான் இருந்தார்கள். வெளிவந்தது ஒரே இசைத்தட்டு. வீட்டிலும் தெருவிலும் அந்நியமாக்கப்பட்டவர்கள் கையில் கிடைத்த கருவியோடு எழுந்து பாடுவதுதான் பங்க் என்றால், அதற்கு எந்த ஊர் முத்திரையும் கிடையாது.

3. “இசை தெரியாது, கூச்சல்”

கானாவில் தாளம் பிசகினால் முன்னால் உட்கார்ந்திருக்கும் கூட்டமே எழுந்து சொல்லிவிடும். பறையடிப்பவர் கருவியைத் தீயில் காய்ச்சிச் சுருதி ஏற்றுவதும் ஒரு படிப்புதான். இவற்றுக்குச் சான்றிதழ் தரும் சபா இல்லை என்பதால் தெரியாது என்று ஆகிவிடாது.

வேலூர், ஆம்பூர் தோல் தொழில் வட்டாரத்தில் இருப்பவர்களுக்கு இந்த வாதத்தின் பொய் சட்டென்று புரிய வேண்டும். சபாவில் முழங்கும் மிருதங்கத்தில் மாடு, ஆடு, எருமை மூன்றின் தோலும் இருக்கின்றன. அந்தத் தோலைத் தேர்ந்து, பதமாக்கி, இழுத்துக் கட்டும் கைகளைப் பற்றிப் பாடகர் டி.எம். கிருஷ்ணா ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ என்ற நூலை எழுதினார். 2020 தொடக்கத்தில் அதன் வெளியீட்டுக்குக் கொடுத்த அரங்க அனுமதியைக் கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றுக்கொண்டது. விழா ஆசிய இதழியல் கல்லூரிக்கு மாறியது. இசையில் அரசியல் கலக்கக் கூடாது என்பவர்கள், மிருதங்கத்தின் தோலைப் பற்றிப் பேசினாலே கதவு சாத்தப்பட்டதை எந்தக் கணக்கில் வைப்பார்கள்?

4. “சாமியை இழிவுபடுத்தினார்கள்”

இங்கே ஆண்டுகளைக் கவனிக்க வேண்டும். குழுவின் பாடகி இசைவாணி பாடிய ஐயப்பன் பாடல் 2018ஆம் ஆண்டைச் சேர்ந்தது. சபரிமலையில் எல்லா வயதுப் பெண்களும் நுழையலாம் என்று உச்ச நீதிமன்றம் செப்டம்பர் 28 அன்று தீர்ப்புச் சொன்னதும் அதே ஆண்டில்தான். நாடே விவாதித்த ஒரு கேள்வியில் ஒரு பெண்ணின் பக்கமாக நின்ற பாடல் அது.

அதன் மீது பெரும் புயல் கிளம்பியது 2024 நவம்பரில். ஆறு ஆண்டுகள் கழித்து, மாலை போடும் பருவத்தில், துண்டுக் காணொளிகளாகப் பாடல் சுற்றியது. காவல் துறையில் புகார்கள் போயின, பாடகிக்கு மிரட்டல்கள் வந்தன. பெயர் வாங்கத்தான் பாடினார் என்ற வாதம் இந்த இடத்தில் முறிகிறது. பி.பி.சி.யின் 100 பெண்கள் பட்டியலில் இசைவாணி இடம்பெற்றது 2020இல். பெயர் வந்து நான்கு வருடம் ஆன பிறகு வந்தது வசவு மட்டுமே.

பாடலின் கேலி சிலரைப் புண்படுத்தியிருக்கலாம். அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் புண்பட்டவர்களுக்கு ஆறு வருடம் வலிக்காமல் இருந்தது எப்படி என்று கேட்பதும் நியாயமே.

5. “காணாமல் போனார்கள்”

அந்தப் 19 பேரும் ஒன்றாக நின்ற காலம் குறுகியதுதான். ஆயுள்தான் அளவுகோல் என்றால், செக்ஸ் பிஸ்டல்ஸ் முதல் மேடையிலிருந்து 1978 ஜனவரி முறிவு வரை மூன்று வருடம்கூட நிற்கவில்லை. ஒரே ஒரு ஸ்டூடியோ ஆல்பம்தான் போட்டது. அதை யாரும் தோல்வி என்பதில்லை.

இங்கே குழுவிலிருந்து ஆட்கள் கிளைத்தார்கள். குழுவின் ராப் பாடகர் அறிவு, இசைத் தயாரிப்பாளர் ஆஃப்ரோவோடு சேர்ந்து 2019இல் ‘தெருக்குரல்’ ஆல்பம் கொண்டுவந்தார். ‘மார்கழியில் மக்களிசை’ என்று நீலம் தொடங்கிய விழா, சபாக்களின் மாதத்தில் ஒப்பாரிக்கும் பறைக்கும் மேடை போட்டது.

விமர்சிக்கத்தான் வேண்டும் என்றால் இடம் வேறு. அறிவு பாடி 2021 மார்ச்சில் வந்த ‘எஞ்சாய் எஞ்சாமி’ பாடல் உலகைச் சுற்றியது. அதே ஆண்டு ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் அறிவு இல்லை. 2022 ஜூலையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அவர் இல்லாமலே பாட்டு ஒலித்தது. யார் எழுதியது, யார் மெட்டமைத்தது என்று பொதுவெளியில் தகராறு மூண்டது. வருமானம் எதுவும் வரவில்லை என்று 2024இல் பாட்டின் இசைத் தயாரிப்பாளர் சந்தோஷ் நாராயணனே சொன்னார். பாட்டு யாருக்குச் சொந்தம், பணம் எங்கே போகிறது என்பதை எழுத்தில் போடாமல் மேடை ஏறுவதுதான் சுயாதீன இசையின் உண்மையான பலவீனம். ‘காணாமல் போனார்கள்’ என்ற ஏளனம் இந்தக் கேள்வியை மறைத்துவிடுகிறது.

6. “வடசென்னைச் சமாச்சாரம்”

அறிவு அரக்கோணத்துக்காரர். 2019இல் மாவட்டம் பிரியும் வரை அரக்கோணம் வேலூர் மாவட்டம்தான். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த பாட்டி வள்ளியம்மாளின் நினைவுகள்தான் அவருடைய பாட்டின் வித்து.

மாட்டுக்கறியைப் பற்றியும் இந்தக் குழு பாடியது. அதை வேண்டாத சீண்டல் என்றவர்கள் உண்டு. 2022 மே மாதம் ஆம்பூரில் மூன்று நாள் பிரியாணித் திருவிழா அறிவித்தது திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகம். பீஃப் பிரியாணிக்கு அங்கே இடமில்லை என்றது. எதிர்ப்பு கிளம்பியது, தாழ்த்தப்பட்டோர் பழங்குடியினர் ஆணையம் ஆட்சியரிடம் விளக்கம் கேட்டது, கடைசியில் மழையைக் காரணம் சொல்லி விழாவே தள்ளிப்போடப்பட்டது. மாட்டுத் தோலைப் பதப்படுத்தி ஏற்றுமதி செய்து வளர்ந்த ஊரில், மாட்டுக்கறி மட்டும் விழாப் பந்தலுக்கு ஆகாது. அந்தப் பாட்டு ஆம்பூருக்குப் பொருந்தாது என்று இனி எவரும் சொல்ல முடியாது.

இங்கே பாட வேண்டிய கதை மாட்டுக்கறியோடு முடிவதில்லை. 2015 ஜனவரி 31 அதிகாலை, இராணிப்பேட்டை சிப்காட்டில் டேனரிக் கழிவுத் தொட்டியின் சுவர் உடைந்து, தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் பத்துப் பேர் சேற்றில் செத்தார்கள். பாலாற்றங்கரை டேனரிகளின் கழிவைப் பற்றி உச்ச நீதிமன்றம் 1996இலேயே தீர்ப்புச் சொல்லியிருந்தது. நாட்டின் சுற்றுச்சூழல் சட்டமே அந்த வழக்கில் ‘வேலூர்’ என்ற பெயரைச் சுமக்கிறது.

ஆகவே ஆறாவது குற்றச்சாட்டைத் திருப்பிப் போட வேண்டும். காஸ்ட்லெஸ் கலெக்டிவ் நம்மைப் பற்றிப் பாடியது குறைவு என்றால் அது நியாயமான குறை. அதைத் தீர்க்க வேண்டியவர்கள் கீழ்ப்பாக்கத்தில் இல்லை. பேரணாம்பட்டிலும் வாணியம்பாடியிலும் ஷூ கம்பெனி ஷிஃப்ட் முடிந்து வரும் பிள்ளைகளிடம் ஒரு கிட்டாரும் ஒரு பறையும் இருந்தால் போதும். உரிமைப் பத்திரத்தை மட்டும் முதலிலேயே எழுதி வைத்துக்கொள்ளட்டும்.