தர்மமா, வயலா?

"மதத்துக்கு ஆபத்து!" என்று கூச்சல் எழும்போதெல்லாம் நாம் ஒரே ஒரு கேள்வி கேட்கிறோம்: எத்தனை ஏக்கர்?

கேலிக்காகக் கேட்கவில்லை. இந்து சட்ட மசோதாவின் கதையைப் பாருங்கள். மகளுக்கும் சொத்தில் பங்கு, மனைவிக்கும் விவாகரத்து உரிமை, ஒருவனுக்கு ஒருத்தி. டாக்டர் அம்பேத்கர் கேட்டது முக்கியமாக இவைதான். உடனே சாமியார்கள் டில்லித் தெருவில் இறங்கினார்கள். கர்பாத்ரி மகராஜ் எதிர்ப்புக்குத் தலைமை தாங்கினார். 1949 டிசம்பரில் ஆர்.எஸ்.எஸ். ராம்லீலா மைதானத்தில் கண்டனக் கூட்டம் போட்டது. (அதே கூட்டத்தார்தான் இன்று பொது சிவில் சட்டம் எங்கே என்று மார்தட்டுகிறார்கள்!) காங்கிரஸ் சர்க்கார் நடுங்கியது. 1951-ல் மசோதா கைவிடப்பட்டது. அம்பேத்கர் மந்திரி பதவியை விட்டு விலகினார்.

பிறகு மசோதாவைத் துண்டு துண்டாக நறுக்கிச் சட்டமாக்கினார்கள். 1956-ன் வாரிசுச் சட்டத்தைப் படித்தால் பூனைக்குட்டி வெளியே வருகிறது. கூட்டுக்குடும்பச் சொத்தில் மகனுக்குப் பிறப்புரிமை, மகளுக்கு இல்லை. ஆண்கள் பிரித்துக்கொள்ள முன்வரும் வரை, பிறந்த வீட்டில் மகள் பாகம் கேட்க முடியாது. விவசாயக் குத்தகை உரிமையையோ ராஜ்யச் சட்டங்களின் கையில் விட்டுவிட்டார்கள். உத்தரப் பிரதேசத்தின் நிலச் சட்டம் மகனை முன்னே நிறுத்தி, மணமான மகளை வரிசையின் பின்னே தள்ளியது. தர்மத்தைக் காக்கப் புறப்பட்டவர்கள் காத்துக்கொண்டது வயலை!

இது ஒரு மதத்தின் கதை மட்டுமல்ல. மகனின் பங்கில் பாதியை மகளுக்குத் தருகிறது ஷரியத். 1937-ல் அதைச் சட்டமாக்கியபோது விவசாய நிலத்தை மட்டும் விலக்கினார்கள். நிலம் மாகாண விஷயம் என்று சட்டக் காரணம் சொன்னார்கள். பெண்ணுக்கு நிலம் தராத பழைய வழக்கமே பஞ்சாப் நிலப்பிரபுக்களுக்கு வசதியாக இருந்தது. சென்னை மாகாணம் 1949-ல் அந்த விலக்கை நீக்கியது. திருவிதாங்கூர் கிறிஸ்தவர் சட்டமோ மகளுக்கு மகன் பங்கில் கால்வாசி, அல்லது 5,000 ரூபாய், இதில் எது குறைவோ அதுதான் என்றது. மேரி ராய் வழக்காடி 1986-ல் சுப்ரீம் கோர்ட்டில் ஜெயித்தபோது, பாதிரிமாருக்கும் பொறுக்கவில்லை.

வேதம் மூன்று, வரப்பு ஒன்று.

ஆந்திரம் 1986-லும் தமிழ்நாடு 1989-லும் மகளுக்குக் கூட்டுக்குடும்பச் சொத்தில் சம உரிமை தந்தன. 2005-ல் நாடு முழுவதற்கும் அது சட்டமாயிற்று. 2020-ல் அது பிறப்பால் வரும் உரிமையே என்று சுப்ரீம் கோர்ட்டும் உறுதி செய்தது. எந்தக் கோயிலிலாவது விளக்கு அணைந்ததா?

ஆனால் பத்திரப்பதிவு அலுவலகத்துக்கு வெளியே நின்று பாருங்கள். "சீர் செய்து அனுப்பினோமே, இன்னும் என்ன?" என்று அண்ணன்மார் கேட்க, தங்கைகள் தலைகுனிந்து விடுதலைப் பத்திரத்தில் கைநாட்டு வைக்கிறார்கள். கையெழுத்துப் போடாதவளுக்கு, அடுத்த பொங்கலுக்குப் பிறந்த வீட்டு வாசல் அடைபடுகிறது. அந்த வாசலில் அவளோடு போய் நிற்க விவசாய சங்கமும் மாதர் சங்கமும் தயாரா?