இரக்கம் வேண்டாம், நியாயம் செய்

நெய்வேலியிலிருந்து பண்ருட்டி வந்து கடலூர் பஸ் மாறினேன். பையில் ஒரு புகார் மனுவின் நகல், ஒரு சாதிச் சான்றிதழ். என் அக்கா மகனை ஊர்த் தெருவில் வைத்துச் சாதிப் பெயரைச் சொல்லி அடித்திருக்கிறார்கள். காவல் நிலையத்தில் சான்றிதழைக் கேட்டு வாங்கிப் பார்த்திருக்கிறார் அதிகாரி. கிறித்தவத்துக்கு மாறிய ஆதிதிராவிடர், பிற்படுத்தப்பட்டோர் என்றிருந்தது. "நீங்க எஸ்.சி. கிடையாதே, வன்கொடுமைச் சட்டத்துல எப்படிப் போடறது?" அடித்தவனுக்கு எங்கள் சாதி தெரிந்திருந்தது. சட்டத்துக்குத்தான் தெரியவில்லை. அதற்காகத்தான் ஒரு வக்கீலைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தேன்.

பக்கத்தில் வேதப்புத்தகத்தோடு ஒரு பெரியவர். நெல்லிக்குப்பம் போகிறவர். விசாரித்தார், சொன்னேன். "ஆண்டவர் இரக்கமுள்ளவர் தம்பி. மன்னிச்சு விட்டுடச் சொல்லுங்க" என்றார்.

மன்னிக்கிறதுக்கு முதலில் குற்றம் என்று ஒன்று பதிவாக வேண்டாமா ஐயா? எஃப்.ஐ.ஆரே இல்லாத குற்றத்தை எந்தக் கணக்கில் மன்னிப்பது? வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். விழுங்கியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அவர் மடியில் இருந்த அதே புத்தகத்தில் லூக்கா 18இல் ஒரு விதவை வருகிறாள். கடவுளுக்கும் பயப்படாத, மனுசரையும் மதிக்காத ஒரு நீதிபதியிடம் போகிறாள். என்ன கேட்கிறாள்? அரிசியா? பழைய சேலையா? எதிராளியோடு தனக்குள்ள வழக்கில் நியாயம் கேட்கிறாள். திரும்பத் திரும்பப் போய் நிற்கிறாள். தொல்லை தாங்காமல் அவன் நியாயம் செய்ய ஒத்துக்கொள்கிறான். நம் சபைகளில் இதைச் சோர்ந்துபோகாமல் ஜெபிப்பது என்பதோடு முடித்துவிடுவார்கள். லூக்காவே அப்படித்தான் முன்னுரை சொல்கிறார், சரி. ஆனால் கதைக்குள் அவள் முழங்காலில் இல்லை. கோர்ட் வாசலில் நிற்கிறாள்.

மீகா தீர்க்கதரிசி கடவுள் கேட்பது இன்னதென்று சொல்லும்போது நியாயத்தைச் செய்யச் சொல்கிறான், இரக்கத்தை நேசிக்கச் சொல்கிறான். நம் திருச்சபைகள் இதைத் தலைகீழாக்கிவிட்டன. இரக்கத்தைச் செய்கிறார்கள், நியாயத்தை நேசிப்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். சகேயு இப்படிப் பண்ணவில்லை. இயேசு தன் வீட்டுக்கு வந்ததும், அநியாயமாய் வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்றான். இரக்கம் பெற்றவன் கணக்கைத் தீர்த்தான். வங்கியில் பேரேடு பார்க்கிற எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும்.

மேல்பட்டாம்பாக்கத்தில் பஸ் நின்றது. இறங்குகிற, ஏறுகிற எத்தனை பேருக்கு இந்த ஊரின் கதை தெரியும்? 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி கூடாது என்று உத்தரவு போட்டார். சேர்ந்து உட்காருவதா, ஒரே கிண்ணத்தில் நற்கருணை குடிப்பதா என்று கொதித்த சாதிக் கிறித்தவர்கள் பலர் பின்னால் லுத்தரன் லைப்சிக் மிஷன் பக்கம் ஒதுங்கினார்கள். சாதி ஒரு சமூக வழக்கம், மெல்லத்தான் மாறும் என்று அந்த மிஷனின் தலைவர் கார்ல் கிரவுல் வாதாடினார். இதை ஏற்காமல் வெளியேறிய மிஷனரி கார்ல் ஓக்ஸ், 1860களின் தொடக்கத்தில் இந்தப் பட்டாம்பாக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நிலையத்துக்குப் பெத்தானியா என்று பெயர் வைத்தார். டேனிஷ் மிஷன் சங்கம் அவரைச் சேர்த்துக்கொண்டது. இன்றைய ஆற்காடு லுத்தரன் திருச்சபையின் வேர் அதுதான்.

ஓக்ஸுக்குச் சிலை வைக்க நான் வரவில்லை. ஏடுகளில் மிஷனரிகளின் பெயர் இருக்கிறது. கிண்ணத்துக்காகக் காத்து நின்ற பறையர், பள்ளர் பெயர் எத்தனை இருக்கிறது? ஆனாலும் ஒன்று உண்டு. 'மெல்லத்தான் மாறும்' என்பது அநியாயத்துக்குக் கொடுக்கும் தவணை என்று ஒருத்தனாவது உணர்ந்து எழுந்துபோன இடம் இது.

அந்தத் தவணை இன்னும் முடியவில்லை. எறையூரில் தலித் கத்தோலிக்கர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டார்கள். பொதுக் கோயிலில் சமமாக நடத்தப்படவில்லை என்பதுதான் காரணம். 2008 மார்ச்சில் வன்னியக் கிறித்தவர்கள் தலித் வீடுகளைத் தாக்கினார்கள். போலீஸ் சுட்டது. இரண்டு பேர் செத்தார்கள். இரண்டு தரப்பும் ஒரே ஜெபமாலை உருட்டுகிறவர்கள்தான்.

மிஷன் பள்ளியும் விடுதியும் இல்லையென்றால் நான் பேனா பிடித்திருக்க மாட்டேன். நன்றி கெட்டவன் இல்லை. ஆனால் படிக்க வைத்ததைச் சொல்லியே கல்லறைப் பாதையையும் பீடத்தையும் மறுக்கிறவர்களிடம் கேட்கிறேன்: வரவு எழுதினீர்களே, பாக்கியை எப்போது எழுதுவீர்கள்?

அரசின் பேரேடு இன்னும் மோசம். 1950 குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாதவர் பட்டியல் சாதியில்லை என்றது. 1956இல் சீக்கியரைச் சேர்த்தார்கள், 1990இல் பௌத்தரை. நாம் வெளியே. செருப்புத் தைக்கும் தொழிலாளி சூசையின் வழக்கில் 1985இல் உச்ச நீதிமன்றம், மதம் மாறிய பிறகும் இழிவு அதே கடுமையோடு தொடர்கிறது என்பதை நிரூபி என்றது. 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் அந்தப் பத்தியையே எடுக்கச் சொன்னது. எடுக்கவில்லை. 2022இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம். 2025இல் ஆந்திர உயர் நீதிமன்றம், ஒரு பாஸ்டர் கொடுத்த வன்கொடுமை வழக்கை அவர் கிறித்தவர் என்று சொல்லி ரத்து செய்தது.

தோழர்களே, பொறியைக் கவனியுங்கள். கிறிஸ்துவுக்குள் சாதி இல்லை என்று சொல்லிக்கொண்டே சபை சாதி பார்க்கிறது. கிறித்தவத்தில் சாதி இல்லை என்று சொல்லியே அரசு பாதுகாப்பை மறுக்கிறது. ஒரே பொய்யை இரண்டு பேரும் சொல்கிறார்கள். அரசிடம் பட்டியல் உரிமை கேட்டு ஊர்வலம் நடத்தும் ஆயர்களே, உங்கள் கல்லறைச் சுவரையும் சேர்த்து இடிக்க வாருங்கள். அப்போதுதான் அந்தக் கோரிக்கைக்குத் தெம்பு வரும்.

நெல்லிக்குப்பத்தில் பெரியவர் எழுந்தார். அந்த விதவையைப் பற்றி மட்டும் அவரிடம் சொன்னேன். கொஞ்சம் யோசித்தார். "ஆமா தம்பி, அவ மன்னிச்சுட்டு வீட்டுக்குப் போகலை இல்ல?" என்று சொல்லிக்கொண்டே இறங்கினார்.

போகலைங்க ஐயா. நாங்களும் போகப்போறதில்லை.